காளான் முளைக்காத நிரை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவை எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற ஒரு பெரியம்மாவிடமிருந்துதான், தோட்டத்து மண்ணில் வாழும் உயிர்களைப் பற்றிய இந்த ஆய்வு தொடங்கியது. நான் இந்த ஊர்த் தோட்டத்தில் பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள். நல்ல வெயிலுக்குப் பிறகு முதல் மழை பெய்தால், மறுநாள் விடியற்காலையிலேயே பெரியம்மா ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு காளான் பறிக்கக் கிளம்பிவிடுவார். லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையை, ஒட்டி இருக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள் போகமாட்டார். பாரிட் என்று நாங்கள் சொல்லும் வடிகாலின் மேல் கிடக்கும் பலகையில் நடந்து, அந்தப் பக்கம் மாட்டுக்காரத் தாத்தாவின் நிலத்துக்குப் போவார்.

ஒருநாள் கேட்டேன். இரண்டு பக்கமும் அதே செம்பனை, அதே மேட்டு நிலம், பெய்கிற மழையும் ஒன்றுதானே பெரியம்மா?

"இந்தப் பக்கம் தரை செத்துப் போச்சும்மா டீச்சர். மேலே பாத்தா பச்சையாத்தான் இருக்கும். கீழே ஒண்ணும் இல்லே."

அவர் தேடுவது புற்றுக் காளான். மண்ணுக்கடியில் ஒரு வகைக் கறையான், தின்ற இலை தழையைத் தேன்கூடு போல அடுக்கி, அதன் மேல் ஒரு பூஞ்சையை வளர்க்கிறது. கறையானால் நேரடியாகச் செரிக்க முடியாத மரநாரை அந்தப் பூஞ்சை பக்குவப்படுத்திக் கொடுக்கும். கறையான் அதைத் தின்று வாழும். மழை வந்து மண் குளிர்ந்ததும் அந்தப் பூஞ்சை குடை விரித்து மேலே வருவதுதான் நாம் குழம்பு வைக்கிற காளான். கறையான் இல்லாமல் இதைப் பண்ணையில் வளர்க்க முடிவதில்லை. ஆகவே, காளான் முளைத்த இடத்தில் கீழே ஒரு குடும்பம் உயிரோடு இருக்கிறது, அதற்குத் தின்ன இலையும் கிடைக்கிறது என்று அர்த்தம். பெரியம்மா சொன்னதை வெறும் புலம்பலாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இடம்

இந்த வட்டாரத்துக்கும் செம்பனைக்கும் பழைய உறவு. மலாயாவில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டது, இங்கே கோல சிலாங்கூர் மாவட்டத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில், 1917-ல். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். ஆனாலும் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இங்கே பால் மரம் என்கிற ரப்பர்தான் ராஜா. கித்தா, அதாவது ரப்பர், விலை விழ விழ, மலை என்று நாங்கள் சொல்லும் தோட்டக் காடு ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறியது.

நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிலத்தின் வரலாறும் இதேதான். முதலில் காடு, அப்புறம் கித்தா, இப்போது செம்பனை. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். பாரிட்டுக்கு இந்தப் பக்கம் தோட்டத்து நிலம். அந்தப் பக்கம், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் சின்னத் துண்டு. இரண்டிலும் மரங்கள் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டும் மஞ்சள் கலந்த செம்மண். மாறுவது தரையைப் பார்த்துக்கொள்ளும் விதம்தான். இந்தப் பக்கம் தரையில் எது முளைத்தாலும் களைக்கொல்லி மருந்து அடிப்பார்கள். அந்தப் பக்கம் தாத்தாவின் மாடுகள் மேயும், மேய்ந்தது போக மிஞ்சியதை அவர் எந்திரத்தில் வெட்டுவார். மாடும் உண்டு, மருந்தும் இல்லை என்பதால், வித்தியாசத்துக்கு எது எவ்வளவு காரணம் என்று இந்த ஒரு நிலத்தை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோண்டிப் பார்த்தது

வெப்பமண்டல நாடுகளில் மண் உயிர்களை ஆராய்கிறவர்கள் பயன்படுத்தும் எளிய முறை ஒன்று உண்டு. 25 செ.மீ. சதுரம், 30 செ.மீ. ஆழம் என்று ஒரு கட்டி மண்ணைத் தோண்டி எடுத்து, கையாலேயே உதிர்த்து, கண்ணுக்குத் தெரியும் உயிர்களைப் பொறுக்குவது. ஒரு மண்வெட்டி, ஒரு வெள்ளைத் துணி, பொறுமை, இவ்வளவு போதும். பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணனிடம் அனுமதி கேட்டேன். "குழியைத் திருப்பி மூடிடுங்க டீச்சர், குலை தூக்குறவன் காலை உள்ளே விட்டுடுவான்" என்று மட்டும் சொன்னார்.

செம்பனைக் காட்டின் தரையைப் பொதுவாக ஒரே தரையாகப் பார்ப்போம். உள்ளே நடந்தவருக்கு அது நாலு தரை. மரத்தடியைச் சுற்றிப் புல்லே இல்லாமல் வைத்திருக்கும் வட்டம் ஒன்று. உரம் போடுவதும், உதிர்ந்த பழம் பொறுக்குவதும் அங்கேதான். குலை எடுத்துப்போகும் பாதை ஒன்று. வெட்டிய மட்டையை அடுக்கும் நிரை ஒன்று. இவற்றுக்கு நடுவில் மிஞ்சும் வெற்றிடம் ஒன்று. நாலிலும் தோண்டினோம். அப்புறம் பாரிட்டைத் தாண்டிப் போய் அங்கேயும் அதே நாலிடத்தில் தோண்டினோம்.

தோட்டத்துப் பாதையில் மண்வெட்டி இறங்கவே மறுத்தது. எடுத்த கட்டி செங்கல் மாதிரி உடைந்தது. உள்ளே எந்த உயிரும் இல்லை. பிள்ளைகள் நம்பாமல் இன்னொரு முறை உதிர்த்துப் பார்த்தார்கள். வட்டத்துக்குள் செம்பனையின் பொடி வேர்கள் அடர்த்தியாக இருந்தன, கொஞ்சம் எறும்பு, அதோடு சரி. நடு வெற்றிடத்தில் மருந்தில் காய்ந்த புல்லின் மேல் பச்சைப் பாசி படர்ந்து மண் இறுகிக் கிடந்தது. இரண்டு மண்புழு கிடைத்தது.

மட்டை அடுக்கைத் தூக்கியதும் கதை வேறு. மேல் மட்டைகள் காய்ந்து சரசரத்தன. கீழே இருந்தவை கையில் எடுத்தால் நனைந்த ரொட்டி போலப் பிய்ந்தன. அதற்கும் கீழே கறுப்பாக, ஈரமாக, மழைக்காட்டு வாசம் அடிக்கும் ஒரு விரற்கடை மண். மரவட்டை சுருண்டு உருண்டது. பூரான் ஒன்று ஓடியது, ஒரு பையன் அலறினான். மட்டைக்காம்பின் உள்ளே கறையான் வரிசை. வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை. துணியில் உதறியபோது, உப்புத் தூள் போல வெள்ளையாக இருந்தவை திடீரென்று துள்ளின. அவை பூஞ்சையை மேயும் பொடிப் பூச்சிகள். பூதக்கண்ணாடியில் பார்த்த ஒரு பெண், "டீச்சர், இதுக்கும் மீசை இருக்கு" என்றாள். இதெல்லாம் உயிரே இல்லாத அந்தப் பாதையிலிருந்து எட்டி வைத்தால் சில தப்படி தூரத்தில்.

தாத்தாவின் நிலத்தில் பாதை மட்டும் அதே செங்கல்தான். ஆனால் நடு வெற்றிடத்தில் புல் வேரோடு மண் பொலபொலவென்று வந்தது. மண்புழு, வெண்புழு, எறும்பு, கறையான் எல்லாம் இருந்தன. ஒரு சாணிக் குவியலைப் புரட்டினால் கீழே சின்னச் சின்னத் துளைகள், கறுப்புச் சாணி வண்டுகள். அவை சாணியை மண்ணுக்குள் கொண்டுபோய்ப் புதைக்கின்றன. யாரும் கூலி கொடுக்காமல் எரு அடிக்கும் வேலை நடக்கிறது.

மண்புழுவைப் பற்றி ஒரு சொல். புழு இருந்தால் மண் நன்றாக இருக்கிறது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். முழு உண்மை அது இல்லை. காட்டை அழித்த வெப்பமண்டல நிலங்களில் எங்கும் பரவியிருப்பது தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரே இனம், பொன்டோஸ்கோலெக்ஸ் என்பது அதன் பெயர். பிரேசிலின் மனாவுஸ் பக்கம், காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடத்தில் இந்தப் புழு மட்டும் பெருகி, அதன் எச்சத்தாலேயே மேல்மண் இறுகிப்போனதை 1999-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எச்சத்தை உதிர்த்துப் போடும் மற்ற உயிர்கள் போய்விட்டதுதான் அங்கே சிக்கல். எத்தனை புழு என்பதோடு, கூட யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் எண்ண வேண்டும்.

வேட்டித் துண்டு

எண்ணிக்கை சரி, அந்த உயிர்கள் வேலை செய்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது? பருத்தித் துணி புதைத்தோம். பருத்தி கிட்டத்தட்ட முழுக்க மரநாரின் சத்துதான். அதைத் தின்னும் நுண்ணுயிரும் பூஞ்சையும் இருந்தால் துணி கரையும். என் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, ஒரே அளவுத் துண்டுகளாக்கி, ஒரு சாண் ஆழத்தில் எட்டு இடத்திலும் வைத்து, குச்சி நட்டு, சிவப்பு நூல் கட்டினோம்.

இரண்டு மாதம் கழித்து எடுத்தோம். தோட்டத்துப் பாதையில் வைத்த துண்டு மண் கறையோடு முழுசாக வந்தது. துவைத்தால் தலை துவட்டலாம். நடு வெற்றிடத்தில் வைத்தது ஓரம் மட்டும் நைந்திருந்தது. மட்டை அடுக்கின் கீழ் வைத்ததைத் தேட வேண்டியிருந்தது. கிடைத்தது சல்லடைக்கண் போல ஒரு மூலை, அதோடு கரைப்பட்டையின் பச்சைச் சாய நூல் நாலைந்து. தாத்தாவின் நிலத்தில் நடு வெற்றிடத்திலேயே துணி பாதிக்கு மேல் போய்விட்டது. அந்தப் பச்சை நூலை ஒரு சீசாவில் போட்டு வகுப்பில் வைத்திருக்கிறேன்.

சோறு எங்கே விழுகிறது

எனக்கு இந்த ஆய்வில் புரிந்த பெரிய விஷயம் இதுதான். பால் மரம் வருஷத்துக்கு ஒருமுறை இலை உதிர்க்கும். நான் சிறுமியாக இருந்தபோது, இலை உதிர்ந்த காலத்தில் மலைக்குள் நடந்தால் கணுக்கால் வரை சருகு. அந்த மரம் தன் காட்டுத் தரை முழுவதுக்கும் தானே சோறு போட்டது. நடும்போதே போட்ட மூடுகொடிகளும் தரையைப் போர்த்தியிருக்கும். செம்பனை அப்படியில்லை. காய்ந்த மட்டையும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்குமே தவிர உதிர்ந்து பரவாது. அதைக் கத்தி வெட்டினால்தான் கீழே விழும். வெட்டிய மட்டையை மனிதன் எந்த நிரையில் அடுக்குகிறானோ அங்கே மட்டும்தான் மண்ணுக்குச் சாப்பாடு. அடுத்த நிரை வருஷக்கணக்கில் பட்டினி கிடக்கிறது. அந்தப் பட்டினி நிரைக்கு இருக்கிற ஒரே ஆதரவு, தானாக முளைக்கும் புல்லும் பெரணியும். மருந்து அடித்து அதையும் எடுத்துவிடுகிறோம்.

இதை எங்கள் ஊர்ப் பிரச்சினையாக மட்டும் நினைக்க வேண்டாம். இந்தோனேசியாவில் சுமத்ராவின் ஜாம்பியில் மழைக்காட்டையும் செம்பனையையும் ஒப்பிட்ட ஆய்வு 2014-ல் வெளியானது. சருகில் வாழும் முதுகெலும்பில்லா உயிர்களின் வகை, எண்ணிக்கை, மொத்த எடை என எதைப் பார்த்தாலும் காட்டை விடச் செம்பனையில் குறைந்தது 45 விழுக்காடு சரிவு. ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்குக் கைமாறும் ஆற்றலில் 51 விழுக்காடு சரிவு. சுமத்ராவின் ரியாவ் பகுதியில், செம்பனைக் காட்டுக்குள்ளேயே ஒரு பகுதியில் தரைச்செடியை முழுக்க மருந்தடித்து அழித்தும், ஒரு பகுதியில் வளரவிட்டும் பார்த்தார்கள். 2018-ல் வந்த முடிவு, மொட்டைத் தரையில் மண் உயிர்களும் குறைகின்றன, சருகு மட்கும் வேகமும் குறைகிறது. எங்கள் வேட்டித் துண்டு சொன்னதும் இதைத்தான்.

வெயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போர்னியோ தீவில் இருக்கும் மலேசிய மாநிலமான சபாவில் அளந்தபோது, செம்பனைக்குள் பகலின் உச்ச வெப்பம் ஆதிக்காட்டை விட 6.5 டிகிரி வரை கூடுதல். மொட்டைத் தரையில் மேல்மண் உயிர்களுக்கு ஒதுங்க நிழல் கிடையாது. மழை குறைந்து வெயில் கூடும் எல் நினோ வருஷங்களில் இது உறைக்கும். 2015-16 வறட்சியில் சபாவின் மாலியாவ் பேசின் காட்டில் கறையான்களை ஆராய்ந்தவர்கள் ஆச்சரியமான ஒன்றைப் பார்த்தார்கள். வறட்சியில் கறையான் இரு மடங்குக்கு மேல் பெருகியது. கறையானை நீக்கிய இடங்களை விட அது இருந்த இடங்களில் மண் ஈரம் 36 விழுக்காடு அதிகம், நட்ட கன்றுகள் பிழைத்ததும் 51 விழுக்காடு அதிகம். நாம் கண்டாலே மண்ணெண்ணெய் ஊற்றுகிற உயிர், காட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி. காடு போனால் முதலில் போவதும் கறையான்களில் ஒரு சாரார்தான். மண்ணையே தின்று வாழும் வகைகள் தாங்காது. மட்டை, கட்டை, சருகு தின்னும் சில வகைகள் தோட்டத்திலும் தாக்குப்பிடிக்கும். பெரியம்மாவின் காளான் இன்னும் ஒரு பக்கமாவது முளைப்பது இவற்றின் புண்ணியம்.

சுத்தம்

பெரியம்மா இருபது வருஷத்துக்கு மேல் மருந்து அடித்தவர். முதுகில் மருந்துத் தோம்பு, கையில் குழாய், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் மலைக்கு ஏறினால் மத்தியானம் வரை. "துரை வந்து பாத்தா தரை பாய் விரிச்ச மாதிரி இருக்கணும். ஒரு புல்லு நின்னா மண்டோருக்கு ஏச்சு, மண்டோர்கிட்டே எங்களுக்கு ஏச்சு" என்றார். சுத்தம் என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் அதுதான் பொருள். அவர் நகங்கள் இன்னும் கறுத்துத்தான் இருக்கின்றன. தெளிப்பு வேலைப் பெண்கள் பட்ட பாட்டை, பெண்களின் உரிமைக்காகப் பாடுபடும் தெனாகானித்தா அமைப்பு 2002-ல் அறிக்கையாகவே கொண்டுவந்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மலேசியாவில் அதே வருஷம் வந்த கட்டுப்பாடு 2006-ல் தளர்ந்து, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடையானது.

மண்ணைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாராகுவாட் களிமண்ணில் பட்டதும் இறுக ஒட்டிக்கொள்ளும், நேரடியாகப் புழுவைக் கொல்வது குறைவு. மனிதருக்குத்தான் அது கொடிய விஷம். மண் உயிர்களைக் கொல்வது மருந்தின் பெயர் அல்ல, அது விட்டுப்போகும் மொட்டைத் தரை. ஒரு மருந்துக்குத் தடை வந்து இன்னொரு மருந்தைத் தோம்பில் ஊற்றினால், தெளிக்கிறவருக்கு விடிவு வரலாம், தரைக்கு வராது.

மாடு பற்றியும் சொல்லியாக வேண்டும். லயத்துக்கு லயம் நம் ஆட்கள் மாடு வைத்திருந்தார்கள். மரத்தைக் கெடுக்கும், குறுக்கே வரும் என்று பல இடங்களில் விரட்டப்பட்டன. இப்போது மலேசியத் தீபகற்பத்திலேயே நடந்த ஆய்வுகள், முறைப்படி சுழற்றி மேயவிட்டால் மருந்தின் தேவை குறைகிறது, பறவை வகைகள் கூடுகின்றன என்று காட்டியிருக்கின்றன. தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "இதைத்தானே ஆயி நான் அப்பவே சொன்னேன்" என்று மாட்டின் நெற்றியைத் தடவினார்.

ஒரு சின்ன உயிரின் மதிப்பு தோட்டக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. 1981-க்கு முன்னால் இங்கே செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவியது பெண்களின் கை. பெரியம்மாவும் செய்திருக்கிறார். அந்த வருஷம் கேமரூனிலிருந்து ஒரு கூன் வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசி அளவுகூட இல்லாத அந்த வண்டு, நாடு முழுக்க அந்த வேலையைத் தன் தலையில் எடுத்துக்கொண்டது. பூவில் உட்காரும் வண்டுக்கு இந்த மரியாதை கிடைத்தது. மட்டைக்கடியில் இருப்பவற்றுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஆற்றின் கீழே

எங்கள் பாரிட் தண்ணீர் கடைசியில் சிலாங்கூர் ஆற்றில் சேர்கிறது. கீழே கம்போங் குவாந்தான் கிராமத்தில், ஆற்றோரம் வளரும் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அந்த மின்மினி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மரத்தில் கழிப்பதில்லை. கரையோர ஈர மண்ணில் முட்டை, அங்கேயே மாதக்கணக்கில் புழுவாக ஊர்ந்து குட்டி நத்தைகளைத் தின்று, மண்ணிலேயே கூடு கட்டி, கடைசிச் சில வாரங்கள்தான் வெளிச்சமாக மரத்துக்கு வருகிறது. கரையைச் சுத்தம் செய்து ஆற்றின் விளிம்பு வரை செம்பனை நட்டால், படகில் உட்கார்ந்து பார்க்க மரம் இருக்கும், மின்மினி இருக்காது. போன வருஷம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது, மீசைப் பூச்சியைப் பார்த்த அதே பெண் கைவிளக்கைச் சேற்றில் அடித்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

இப்போதைய நிலை

துணித் துண்டுகளை மண்டோர் அண்ணனிடம் காட்டினேன். பாதைத் துண்டையும் மட்டையடித் துண்டையும் இரண்டு கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அவர் அதிகாரத்தில் முடிந்ததைச் செய்தார். நாலு நிரையில் வட்டத்துக்கும் பாதைக்கும் மட்டும் மருந்து, நடுவில் பெரணியை விட்டுவிடுவது, வெட்டும் மட்டையை ஒரே இடத்தில் மலையாகக் குவிக்காமல் நடு வெற்றிடத்திலும் பரப்புவது. வேலையாட்களுக்கும் பாரம் குறைந்தது. ஆனால் லாலாங் புல்லும் மரக்கன்றுகளும் தலையெடுத்தால் கையால் பிடுங்கியாக வேண்டும், அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று அவர் சொல்வதும் உண்மை.

அடுத்தது மறுநடவு. செம்பனைக்கு 25 வருஷம்தான் கணக்கு, இந்த நிலத்துக்கு அந்த வயது வந்துவிட்டது. இப்போது தீ வைப்பதில்லை, மரத்தை விழுத்தி எந்திரத்தில் சீவிப் பரப்புகிறார்கள். மண்ணுக்கு அது பெரிய விருந்துதான். அதே விருந்தில் காண்டாமிருக வண்டும் முட்டையிடும், அடித்தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மா பூஞ்சையும் பழைய கட்டையில் காத்திருக்கும். எனவே மெல்லியதாகச் சீவி, உடனே மூடுகொடி போட்டுப் போர்த்த வேண்டும். அந்த இடைவெளியில் தரை வெயிலில் காயும் மாதங்கள்தான் எனக்குப் பயம். பாரிட்டை ஒட்டி இரண்டு நிரையைக் கிளறாமல் விட்டால், அங்கே மிஞ்சும் உயிர்கள் புது நடவுக்குள் திரும்ப நடந்து வர வழி இருக்கும். இதை எழுதி, படத்தோடு நிர்வாகத்துக்குக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

மருந்தைக் குறைத்த நாலு நிரையிலும் புதிதாகத் துணி புதைத்திருக்கிறோம். சிவப்பு நூல் கட்டிய குச்சிகள் அங்கேயே நிற்கின்றன. போன வாரம் நல்ல மழை. பெரியம்மா பலகையைத் தாண்டி அந்தப் பக்கம்தான் போனார். திரும்பி வரும்போது மட்டும் அந்தக் குச்சிகளின் பக்கம் வந்து, குனிந்து, பெரணியை விலக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.